பதினான்கு நொடி

மணி இரண்டேகால். நாலு மணிக்குள் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஏதாவது ஒன்று. இருபத்துநாலு வருஷமாக நான் செய்துவருவது இதுதான். அடுத்தவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு எண் போடுவது, மற்றவர்கள் எப்படிப் போட வேண்டும் என்று கையேடு எழுதுவது, போட்டது சரியா என்று ஆராய்ந்து கட்டுரை எழுதுவது, அந்தக் கட்டுரைக்கு வந்த மறுப்புக்கு மறுப்பு எழுதுவது. பஸ் ஸ்டாப்பில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் இங்கிலீஷ் டீச்சர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். மொழித் தேர்வு ஆராய்ச்சி என்றால் அப்படின்னா என்பார்கள், விளக்கி முடிப்பதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிடும். சனிக்கிழமை, கோயம்புத்தூர் வெயில், தேர்வு மையத்தில் நானும் மயிலாத்தாவும் மட்டும். மயிலாத்தா இந்த மையத்தைத் திறந்து பூட்டிப் பெருக்குகிறவள், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் சீரியல் பார்க்கிறாள். "நாலு மணிக்குப் பூட்டோணுங் மேடம், நாலேகால் பஸ்ஸை விட்டா அப்புறம் அஞ்சரைக்குத்தானுங்" என்று வரும்போதே சொல்லிவிட்டாள். உள்ளே ஏசி சீராக இரைகிறது, எப்போதாவது ஒரு விக்கல் விக்கி நிற்கிறது, அது நிற்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலைத் தட்டி எண்ணுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று. ஏசி விடும் இடைவெளியைக்கூட எண்ணுகிற ஜென்மம் நான்.

தேர்வர் எண் 0417. பெயர் எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது. நர்ஸ் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் இந்தத் தேர்வே வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கானது. நாலு வாங்கினால் விமானம். மூன்று வாங்கினால் ஒரு வருஷம் கழித்து மறுபடி. நாலு என்ற அந்தக் கோட்டைக் கிழித்த குழுவுக்கும் நான்தான் தலைவி. ஒவ்வொருவர் பேச்சையும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போனால் என் தலையீடு கிடையாது. 0417க்கு ஏழாம் எண் மதிப்பீட்டாளர் இரண்டு போட்டிருக்கிறார், பன்னிரண்டாம் எண்காரர் நாலு போட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் விலகினால் மூன்றாவது ஆளிடம் வரும், மூன்றாவது ஆள் போடுவதுதான் கடைசி. மூன்றாவது ஆள் நான். ஏழாம் எண் யார் என்பதும் எனக்குத் தெரியக் கூடாதுதான், ஆனால் குறிப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என்னிடம் பிஎச்டி செய்த பையன். "14 நொடி மௌனம். கையேடு பக்கம் 31" என்று மட்டும் எழுதியிருக்கிறான். ஒரு வார்த்தை கூடுதலாக எழுத மாட்டான், நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. பன்னிரண்டாம் எண் "நிறுத்தத்துக்குப் பிறகு தெளிவான பேச்சு" என்று எழுதிவிட்டு ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். மதிப்பெண் தாளில் ஆச்சரியக்குறி போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஹெட்போனை மறுபடி மாட்டுகிறேன். காதுப் பஞ்சின் தோல் உரிந்து கழுத்தில் கறுப்புத் துகளாக ஒட்டுகிறது, ஆறு மாதமாகப் புதிது கேட்கிறேன். முதலில் என் குரல். ஆமாம், கேள்வியைப் பதிவு செய்தவளும் நான்தான், நிதானமான, உணர்ச்சி இல்லாத, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத ஆங்கிலம். நீங்கள் அடிக்கடி தொலைபேசியில் பேசும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள், யோசிக்க முப்பது நொடி, பேச ஒரு நிமிடம். பிறகு ஒரு பீப். பிறகு அந்தப் பெண். "எவ்ரி டே ஐ கால்…" என்று ஆரம்பித்து நிற்கிறாள். தூரத்தில் பக்கத்துத் தடுப்பில் இன்னொருத்தி கடகடவென்று தன் மாமாவைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிடுகிறது. மூச்சு. பதினான்கு நொடி. பிறகு, அழுத்தம் எதுவும் இல்லாமல், "நவ் ஐ டோன்ட் கால். ஹிஸ் போன் இஸ் வித் மீ. எவ்ரி சண்டே ஐ சார்ஜ் இட். சம்டைம்ஸ் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் கால், தே டோன்ட் நோ. ஐ டெல் தெம்." இப்போது நான் கூப்பிடுவதில்லை, அவருடைய போன் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்ஜ் போடுகிறேன், சிலசமயம் அவருடைய நண்பர்கள் கூப்பிடுவார்கள், அவர்களுக்குத் தெரியாது, நான் சொல்லுவேன். பீப். முதல் தடவை கேட்டபோது நான் என்ன செய்தேன்? மௌனத்தின் நீளத்தை அளந்தேன். இரண்டாம் தடவையும் அளந்தேன், பதின்மூன்று புள்ளி எட்டு. மூன்றாம் தடவைதான், இறந்துபோனவர் யார், புருஷனா அண்ணனா என்று கேட்கத் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

பக்கம் 31 நான் எழுதியது. நான் பிழைத்ததே மௌனத்தால்தான். இருபத்தொன்பது வயதில், நூற்றெண்பது மாணவர்களின் பேச்சைக் கேசட்டில் பதிந்து, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று இரண்டு வருஷம் அளந்தேன். மூன்று நொடி வரை மூச்சு. ஐந்து வரை சொல் தேடுகிறார். ஏழுக்கு மேல் போனால் பேச்சு முறிந்துவிட்டது, அவருக்கு மொழி கைகொடுக்கவில்லை, இரண்டுக்கு மேல் போடக் கூடாது. அந்த ஏழு நொடிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, மூன்று கண்டங்களுக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது, தூங்கி வழியும் மதிய அமர்வுகளில் அட்டவணைகளைத் திரையில் காட்ட வைத்தது. ஒரு கருத்தரங்கில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, அந்த ஏழு நொடியில் அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டீர்களா என்றார். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல பதில்தான். எதையாவது கேட்க விருப்பமில்லாதபோது அதைவிட நல்ல பதில் இந்தத் தொழிலில் இல்லை. பக்கம் 12ல் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன்: தேர்வர் சொல்வது உண்மையா, துக்கமா, மகிழ்ச்சியா என்பது மதிப்பீட்டாளரின் கவலை அல்ல. பயிற்சியின்போது புதியவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். இல்லாத நாய்க்குட்டியைப் பற்றி ஒருத்தன் பிரமாதமாகப் பேசினால் அவனுக்குத்தான் ஆறு என்பேன், சிரிப்பார்கள். வருஷாவருஷம் அதே நாய்க்குட்டி, அதே சிரிப்பு.

இரண்டு போட்டால் கையேட்டின்படி சரி. யாரும் கேள்வி கேட்க முடியாது. நாலு போட்டால் இரக்கம். இரக்கத்தில் நாலு போட்ட மூன்று மதிப்பீட்டாளர்களை நானே பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறேன், ஒருத்தர் அழுதார். மூன்று போட்டால் கோழைத்தனம், இரண்டு பேரையும் சமாதானம் செய்யும் எண், அந்தப் பெண்ணுக்கு அதுவும் தோல்விதான். மணி இரண்டு ஐம்பது. ஃபிளாஸ்கில் இருந்த காபி ஆறிப்போய்விட்டது. இந்தக் கேள்வியில் என்ன தப்பு இருக்க முடியும் என்று திரையின் மூலையைப் பார்க்கிறேன். சின்ன எழுத்தில் கேள்வி எழுதியவரின் முதலெழுத்துகள், செ.வ. செண்பகவல்லி. நான். ஒரு கேள்வி எழுதினால் பதினேழு விஷயம் பார்க்க வேண்டும். சாவு வரக் கூடாது, நோய் வரக் கூடாது, மதம், விவாகரத்து, பணம், சாதி வரக் கூடாது, பனி பார்க்காதவனைப் பனியைப் பற்றிக் கேட்கக் கூடாது, எல்லாருக்கும் ஏதாவது பதில் இருக்க வேண்டும். போன் எல்லாரிடமும் இருக்கிறது, போனில் பேச ஒரு ஆள் எல்லாருக்கும் இருப்பார் என்று நம்பி எழுதினேன். நாலு வருஷத்துக்கு முன்னால், இதை எழுதும்போது, எனக்கு ஒருத்தி இருந்தாள். அந்தக் கேள்விக்கு மாதிரி விடை எழுதியபோது நான் யோசிக்கவே இல்லை, பேனா பாட்டுக்கு ஓடியது: நான் தினமும் என் அக்காவோடு பேசுவேன்.

காந்திமதி அக்கா கோவில்பட்டியில். என்னைவிட ஆறு வயது மூப்பு. காலையில் ஆறரைக்குக் கூப்பிடுவாள், இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுக்களை மேடையில் வைத்துவிட்டு அவரவர் சமையலைப் பார்ப்போம். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஏட்டி செம்பா, இன்னைக்கு என்ன வைக்க?" "பீன்ஸ்." "ஒத்த ஆளுக்கு என்னத்த பீன்ஸ்." அவள் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன், என்னுடையது அடித்தால் அவள் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து என்னை ஏசுவாள். கல்யாணம் என்ற பக்கமே நான் போகவில்லை, எனக்கு வீடு என்றால் அந்த நாற்பது நிமிஷம்தான். அதற்குள் எத்தனையோ முறை இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் போகும் வரும். அந்த மௌனத்தை நான் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் அத்தனையும் ஏழு நொடிக்கு மேல்தான்.

அவளுடைய மகன் புனேயில் ஒரு மராட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மருமகளுக்குத் தமிழ் வராது, இவளுக்கு இங்கிலீஷ் வராது. ஐம்பத்தெட்டு வயதில், ஜவுளிக்கடை மாடியில் நடந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தாள், கல்லூரிப் பிள்ளைகளோடு முன்பெஞ்சில். என்னிடம் சொல்லவே இல்லை. பத்து வாரம் கழித்து ஒரு காலை, "செம்பா, அடுப்பை அணைச்சிரு. நா இப்பம் இங்கிலீஷ்ல பேசப் போறேன், நடுவுல வாயத் தொறக்கப்படாது" என்றாள். பேசினாள். ஒன்றரை நிமிஷம். மருமகள் வரும் ரயில், தலையணை உறைக்குப் போட்ட எம்ப்ராய்டரி, என்ன சமைப்பது. நடுவில் ஓர் இடத்தில் நின்றாள். பிறகு ஏதோ சொல்லி முடித்தாள். நான், மொழித் தேர்வுத் துறையின் மூத்த பேராசிரியை, சொந்த அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாருக்குக்கா. ரெண்டு. மூணுக்குக் கிட்ட. நடுவுல எட்டு செகண்ட் நின்னுட்ட, அது மட்டும் இல்லேன்னா மூணே போட்டிருப்பேன்." பாராட்டு என்று நினைத்துதான் சொன்னேன். சத்தியமாக. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒருத்தரை வைப்பது எவ்வளவு கவனமான வேலை என்று எனக்குத்தானே தெரியும்.

அந்தப் பக்கம் குக்கர் அடித்தது. அவள் எழுந்து போகவில்லை. இன்னொரு விசில். "நீ கேட்டுக்கிட்டு இருக்கன்னுல்லா நெனச்சேன்" என்றாள் அக்கா. "மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்க. சரி, வைக்கட்டா?" வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டாள், பீன்ஸா கேரட்டா என்றாள், பத்து நிமிஷத்தில் வைத்தாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளக்குப் படம் போட்ட வாட்ஸ்அப். சண்டை கிடையாது, சண்டை என்றால் போய்க் காலில் விழலாம். இரண்டு வருஷமாக என் அடுக்களையில் என் குக்கர் மட்டும் அடிக்கிறது. அவள் எங்கே நின்றாள், நின்ற பிறகு என்ன சொன்னாள் என்பது எனக்கு ஞாபகம் வந்ததே எட்டு மாதம் கழித்து, ஒருநாள் பல் தேய்க்கும்போது. எட்டு நொடி நின்றுவிட்டு அக்கா சொன்னது, "ஐ ஆம் அஃப்ரைட். ஷி மே நாட் லைக் மீ." எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். இங்கிலீஷில்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது, தமிழில் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அதற்கு ரெண்டு போட்டேன். அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். பல் தேய்த்து முடித்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து என்ன சொல்லிக் கூப்பிடுவது? மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன் என்றா?

மூன்று பத்து. திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, கேள்வியில் குறை என்று. பதினொரு வருஷத்தில் இரண்டு முறைதான் அழுத்தப்பட்டிருக்கிறது, ஒருமுறை நீச்சல்குளத்தைப் பற்றிய கேள்விக்கு, ஒருமுறை அச்சுப் பிழைக்கு. அதை அழுத்தினால் 0417க்கு எண் போட வேண்டாம், வேறு கேள்வியோடு ஒரு மாதத்துக்குள் மறுதேர்வு. ஆனால் இந்தக் கேள்வி மூடப்படும். இந்தச் சுற்றில் இதே கேள்வி வாங்கிய முந்நூற்று நாற்பது பேரின் பதிவுகளையும் மறுபடி கேட்க வேண்டும். திங்கட்கிழமை குழு கூடும், ஆதாரப் பதிவை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவார்கள், கேள்வி எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். ஏழாம் எண் பையன் எதிரில் உட்கார்ந்திருப்பான். மேடம், ஒருத்தருக்கு ஒத்துவராததை வைத்துக் கேள்வியைக் குறை சொல்ல முடியாது என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்பான். சரியாகத்தான் சொல்வான். முந்நூற்று நாற்பதில் ஒன்று தற்செயல். அந்த ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் என் அட்டவணைகள் அத்தனையும் நின்றன. ரெண்டு போட்டுவிட்டு எழுந்துவிடலாம். விரல் இரண்டின் மேல்தான் இருக்கிறது. ரெண்டு. மூணுக்குக் கிட்ட.

எழுந்து தடுப்பறைக்குப் போனேன், தேர்வர்கள் உட்காரும் கண்ணாடிப் பெட்டி. எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் மைக்கைச் சோதிக்க என்று சொல்லியிருப்பேன். நாற்காலி எனக்குத் தாழ்வாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதே கேள்வியை எடுத்தேன். என் குரல் என்னைக் கேட்டது, நீங்கள் அடிக்கடி தொலைபேசியில் பேசும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் குரலில் ஒரு மனுஷி இருப்பதாகவே தெரியவில்லை. யோசிக்க முப்பது நொடி. யாரைச் சொல்வது? கேஸ் ஏஜென்சி. ஆடிட்டர். பீப். இல்லாத நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு ஆறு என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள், இல்லாத ஓர் ஆளைப் பற்றி ஒரு நிமிஷம் பொய் சொல்ல முடியாதா? எனக்கா இங்கிலீஷ் வராது? "மை சிஸ்டர்" என்றேன். திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பி அடங்கியது. அப்புறம் கோடு நேராகவே போனது. வாய் திறந்துதான் இருந்தது. தொண்டையில் சொற்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் சரியான இலக்கணத்தோடு, ஒன்றைக்கூட வெளியே தள்ள முடியவில்லை. பயமாக இருந்தது, உண்மையான பயம். அந்தப் பெண் பதினான்கு நொடியில் இதைத் தாண்டி வந்து ஐந்து வாக்கியம் பேசியிருக்கிறாள். எப்படிப் பேசினாள்? பீப். மௌனம் ஐம்பத்தேழு நொடி என்று கணினி காட்டியது. பக்கம் 31ன்படி எனக்கு ஒன்று. மதிப்பிடப் போதுமான பேச்சு இல்லை.

திரும்பி வந்து சாம்பல் பொத்தானை அழுத்தினேன். ஒரு படிவம் திறந்தது. குறையின் வகை என்று ஒரு பட்டியல், அதில் எதுவும் பொருந்தவில்லை, மற்றவை என்று குறித்தேன். காரணம் என்ற கட்டத்தில் முதலில் ஐந்து வரி எழுதினேன், நல்ல ஆராய்ச்சித் தமிழில், சமூகப் பின்னணி, அனுபவ வேறுபாடு என்றெல்லாம். படித்துப் பார்த்தேன். நானே அதற்கு இரண்டுக்கு மேல் போட மாட்டேன். அழித்துவிட்டு, "கேள்வியை எழுதியவரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை" என்று எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில் இரண்டு பதிவுகளை இணைத்தேன், 0417 ஒன்று, என்னுடையது ஒன்று. திங்கட்கிழமை ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து என் ஐம்பத்தேழு நொடியைக் கேட்பார்கள், நடுவில் யாராவது இருமுவார்கள். உறுதியா என்று கணினி கேட்டது. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆம் என்று அழுத்தினேன். 0417க்கு எதிரே இருந்த கட்டத்தில் எண் விழவில்லை, மறுதேர்வு என்று விழுந்தது.

மயிலாத்தா சாவிக்கொத்தோடு கதவருகே நின்றிருந்தாள். "அப்பவே வந்தனுங் மேடம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள காதுல மாட்டிட்டு யாருகிட்டயோ போன்ல பேசிட்டிருந்தீங்களாட்ட இருந்துச்சுங். அதான் கதவத் தட்டலீங்க."

"அக்காகிட்ட" என்றேன்.

"கோயில்பட்டிக்காரங்களாங்? முன்னெல்லாம் அவுங்களப் பத்திச் சொல்லுவீங்க. அப்புறம் என்ன மேடம் உடனே வெளிய வந்துட்டீங்க, அவுங்க எடுக்கலீங்களா?"

"நான் இன்னும் கூப்பிடவே இல்ல, மயிலாத்தா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நாலு ஐந்து. பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பேசிட்டு வாங்க மேடம், அஞ்சரைக்குப் போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்து சீரியலின் சத்தத்தைக் குறைத்தாள்.